மாடுகள் மலையேறும் பருவம்: அயர்லாந்தின் பர்ரன் வட்டாரத்தில் சில நாட்கள்

வியாழக்கிழமை, பாலிவான்

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கிளேர் கவுண்டியின் வடக்கு ஓரத்தில் இருக்கும் பர்ரன் வட்டாரத்தில் மழைக்குப் பஞ்சமே இல்லை. அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் மேகங்கள் தடை எதுவுமின்றி இந்தக் குன்றுகளின்மேல் வந்து கொட்டுகின்றன. ஆனால் கொட்டிய நீர் தரையில் நிற்பதில்லை. தொடங்கிய இடத்திலிருந்து கடல் வரைக்கும் தரைமேலேயே ஓடும் ஆறு இந்த வட்டாரம் முழுவதிலும் ஒன்றுதான் உண்டு. ஃபனோர் கடற்கரையில் கலக்கும் கேஹர் ஆறு அது. மற்ற நீரெல்லாம் பாறைப் பிளவுகளுக்குள் இறங்கி, இருட்டுக் குகைகளில் ஓடி, எங்கோ ஓரிடத்தில் ஊற்றாக எழுகிறது. வருவதற்கு முன் நான் படித்த இவ்வூர்க் கதைகளில் பெரும்பாலானவை மாட்டையும் தண்ணீரையும் சுற்றியே நடப்பதற்கு இதுவே காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம். அதைச் சரிபார்க்கும் ஆசைதான் என்னை அக்டோபர் கடைசியில், சுற்றுலாக்காரர்கள் கிளம்பிப்போன பிறகு, இங்கே கொண்டுவந்திருக்கிறது.

கால்வே நகரத்திலிருந்து வரும் பேருந்து கின்வாரா என்ற சிறு துறைமுகத்தைத் தாண்டியதும் நிலத்தின் நிறம் மாறிவிடுகிறது. பச்சை வயல்களுக்கு மேலே சாம்பல் நிறக் குன்றுகள் படிப்படியாக எழுகின்றன. ஏறத்தாழ 33 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்த நிலம் வெப்பமான ஆழமற்ற கடலுக்கு அடியில் கிடந்தபோது, கடலுயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து உருவான சுண்ணாம்புக்கல் இது. பின்னர் வந்த பனியூழிகளில் பனிப்பாளங்கள் இதன் மேல்மண்ணைச் சுரண்டிச் சென்றன. எஞ்சிய மெல்லிய மண்ணிலும் ஒரு பகுதி, கற்கால உழவர்கள் காட்டை அழித்த பிறகு மழையில் கரைந்து பிளவுகளுக்குள் போய்விட்டது. இன்று கண்ணுக்குத் தெரிவது அகன்ற கற்பலகைகளும் அவற்றுக்கிடையே ஓடும் நீண்ட வெடிப்புகளும்தான். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு வெடிப்புக்குள்ளும் காற்றுப் படாத நிழலில் பெரணிகள் செழித்திருக்கின்றன.

அயர்லாந்தை அடக்கப் படையெடுத்த ஆங்கிலேயர் கிராம்வெல்லின் படைத்தலைவர்களில் ஒருவரான எட்மண்ட் லட்லோ 1651இல் இங்கு வந்தபோது, ஒருவனை மூழ்கடிக்கப் போதிய நீரும், தூக்கிலிட ஒரு மரமும், புதைக்கப் போதிய மண்ணும் இந்த ஊரில் கிடையாது என்று எழுதினார். பர்ரனைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் தவறாமல் எடுத்துக்காட்டும் வாசகம் அது. அதோடு சேர்த்து அவர் எழுதிய அடுத்த செய்தியை ஏனோ பலர் விட்டுவிடுகிறார்கள். இவர்களுடைய மாடுகள் நன்றாகக் கொழுத்திருக்கின்றன என்றும், பாறைகளுக்கிடையே இரண்டு மூன்று அடிச் சதுரமாகக் கிடக்கும் மண்திட்டுகளில் வளரும் புல் மிக இனிப்பானது, சத்தானது என்றும் அவர் குறித்திருக்கிறார். அழிக்க வந்த படைத்தலைவரின் கண்ணுக்கும் அந்த மாடுகள் தப்பவில்லை.

மாலையில் பாலிவான் படகுத்துறையில் சிறிது நேரம் நின்றேன். சுண்ணாம்புப் பாறையில் கரிநிலம், அதாவது மக்கிய தாவரங்கள் அடர்ந்து படிந்த சதுப்பு, எளிதில் உருவாகாது என்பதால் இவ்வூர் மக்களுக்கு அடுப்பெரிக்கக் கரிமண் கட்டிகள் கிடையாது. விரிகுடாவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் கனமாரா பகுதியில் கரிநிலம் ஏராளம். அங்கிருந்து பழுப்புப் பாய்மரப் படகுகள் கரிமண் கட்டிகளை ஏற்றிவந்து கின்வாராவிலும் இங்கேயும் இறக்கின. இருபதாம் நூற்றாண்டில் லாரிகள் வந்த பிறகு அந்தப் போக்குவரத்து நின்றுபோயிற்று. கின்வாராவில் ஆண்டுதோறும் ஆகஸ்டில் அப்படகுகளைக் கூட்டி விழா எடுக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை, கேரன்

பாலிவானிலிருந்து உள்நாட்டுக்குள் ஏறி வந்தால் கேரன் என்ற சிற்றூர். சாலையோரத்தில் சில வீடுகள், ஒரு தேவாலயம், ஒரு மதுக்கூடம், அதற்குக் கீழே ஒரு பெரிய பள்ளத்தாக்கு. அந்தப் பள்ளத்தாக்கு இன்று பாதி ஏரியாக இருந்தது. ஆகஸ்டில் வந்திருந்தால் அதே இடத்தில் மாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். டர்லாக் என்று இங்கே அழைக்கப்படும் இந்த ஏரிகளுக்குப் பெரும்பாலும் நீர் கொண்டுவரும் ஆறும் இல்லை, வெளியேற்றும் ஆறும் இல்லை. இலையுதிர் காலத்து மழையில் நிலத்தடி நீர்மட்டம் உயரும்போது அடித்தரையிலுள்ள துளைகள் வழியாகவே நீர் மேலெழுந்து வயலை மூடுகிறது. மழை ஓய்ந்ததும் அதே துளைகள் வழியாக இறங்கிவிடுகிறது. தண்ணீர் எந்த உயரம் வரை ஏறும் என்பதை வயற்சுவர்களில் படிந்திருக்கும் கரும்பாசிக் கோடே காட்டிவிடும். குளிர்காலத்தில் ஐஸ்லாந்திலிருந்து ஊப்பர் அன்னங்கள் வந்து இதில் தங்குகின்றன.

எனக்கு அறை கொடுத்திருக்கும் வீட்டு அம்மாவிடம், இந்த ஏரி எந்தத் தேதியில் நிரம்பும் என்று கேட்டேன். "தேதியை அது எங்களுக்குச் சொல்வதில்லை. கீழ் வயலில் மாடு நின்றால், இரவில் மழைச்சத்தம் கேட்டதும் எழுந்துவிடுவோம்" என்றார். அவர் அதைச் சொன்ன விதத்தில் அலுப்போ பெருமையோ இல்லை. இங்கே குடும்பம் நடத்துகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்திகளில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

கேரனுக்குத் தெற்கே ஸ்லீவ்நக்லாஷா என்ற குன்று இருக்கிறது. இந்த வட்டாரத்தின் மிகப் பெரிய மாட்டுக் கதை அந்தக் குன்றுக்குரியது. லோன் மக் லியோவா என்ற கொல்லன் அங்கே பட்டறை வைத்திருந்தானாம். அவனுக்கு ஒரே கால், நெஞ்சிலிருந்து முளைத்த மூன்றாவது கை. ஒற்றைக் காலில் எம்பி ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்த பள்ளத்தாக்குக்குத் தாவுவான். அவனிடம் கிளாஸ் கைவ்னாக் என்ற பசு இருந்தது. எவ்வளவு பெரிய பாத்திரத்தை வைத்தாலும் ஒரே கறவையில் நிரப்பிவிடும் பசு அது. அவனுடைய ஏழு மகன்களும் ஆளுக்கொரு நாள் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மேய்ப்பார்கள். அதனால் நிரப்ப முடியாத பாத்திரம் உண்டா என்று பந்தயம் கட்டிய ஒரு பெண், சல்லடை ஒன்றைக் கொண்டுவந்து அதன் மடிக்குக் கீழே வைத்தாள். பசு கறந்தது, பால் வழிந்தோடியது, சல்லடை நிரம்பவே இல்லை. அவ்வாறு வழிந்த பால்தான் குன்றின் சரிவில் டீஸ்காவின் ஏழு ஓடைகளாக இன்றும் இறங்குகிறது என்கிறார்கள். பந்தயத்தில் தோற்ற பசு அதன்பின் இல்லாமல் போயிற்று.

வற்றாத பசுவைப் பற்றிய கதை அயர்லாந்தின் வேறு பகுதிகளிலும் உண்டு. ஆனால் அது இந்தக் குன்றில் வந்து வேரூன்றியதற்கு நியாயம் இருக்கிறது. ஏழு ஓடைகளைப் பார்க்க நடந்துபோனேன். பாறையிடுக்கிலிருந்து பொங்கிவரும் நீர், குன்றின் முகத்தில் வெண்கோடுகளாக இறங்கி, அடிவாரத்தை அடைந்த சிறிது தூரத்திலேயே மறுபடியும் கல்லுக்குள் புகுந்து மறைகிறது. கொட்டுகிற வளத்தையெல்லாம் ஓட்டைகள் வழியாக இழந்துவிடும் நிலத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சல்லடையைப் பற்றி யாரும் விளக்கிச் சொல்லியிருக்கத் தேவையில்லை. நிலவியலாளர்கள் வந்து சாயம் கரைத்து, நிலத்தடி நீரின் வழியைக் கண்டுபிடிப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அவர்கள் அதைப் பசுவின் மடிக்குக் கீழே வைத்துச் சொல்லிவிட்டார்கள். 1839இல் ஆர்ட்னன்ஸ் சர்வே நில அளவைக்காகக் கிளேர் கவுண்டிக்கு வந்த ஜான் ஓடோனவனும், இதே கவுண்டியில் பிறந்த யூஜின் ஓகரியும் ஊர்ப்பெயர்களின் வரலாற்றைத் தேடும்போது இத்தகைய செய்திகளையும் கடிதங்களில் பதிந்து வைத்தார்கள். நில அளவைக்காரர்களுக்கு இந்தக் கதைகளும் எல்லைக்கற்களாகவே பயன்பட்டிருக்கின்றன.

பிற்பகலில் ஸ்லீவ் கேரன் மலைமுகத்துக்குக் கீழே ஹேசல் காட்டுக்குள் இருக்கும் துறவி கோல்மன் மக் துவாவின் தவக்குடிலுக்குப் போனேன். இடிந்த சிற்றாலயம், ஒரு குகை, ஓர் ஊற்று. அவற்றின்மேல் செங்குத்தாக நிற்கும் பாறைச்சுவர். ஏழாம் நூற்றாண்டில் கோல்மன் ஒரு பணியாளனுடன் ஏழு ஆண்டுகள் இங்கே நோன்பிருந்தார் என்பது மரபு. அவரிடம் மூன்று உயிர்கள் துணைக்கு இருந்தன: சேவல் அவரை வழிபாட்டுக்கு எழுப்பும், எலி அவரைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ளும், ஈயோ அவர் படித்துக்கொண்டிருந்த ஏட்டில் விட்ட வரியின்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். ஈஸ்டர் திருநாளன்று பணியாளனுக்கு இறைச்சி ஆசை வந்துவிட்டது. கோல்மன் வேண்டினார். அதே வேளையில் கின்வாராவில் விருந்துக்கு அமர்ந்திருந்த, மேற்கு மாகாணமான கோனாக்டின் மன்னன் குவாரேயின் உணவுத்தட்டுகள் மேசையிலிருந்து எழுந்து சன்னல் வழியாகப் பறந்தன. மன்னனும் வீரர்களும் குதிரையேறித் துரத்திவந்து, துறவியின் முன் தட்டுகள் இறங்கியிருப்பதைக் கண்டார்கள். பசித்தவர்கள் உண்டு முடிக்கும் வரை வீரர்கள் இடையூறு செய்யாதபடி குதிரைகளின் கால்கள் பாறையில் ஒட்டிக்கொண்டன. நெடுநாள் பட்டினிக்குப் பின் அளவுமீறி உண்ட பணியாளன் இறந்துபோனான். அவனுடைய கல்லறை என்று ஓரிடத்தைக் காட்டுகிறார்கள். மன்னன் பின்னர் கோல்மனுக்கு நிலம் கொடுத்தான். அங்கே எழுந்த கில்மக்துவா மடத்தின் வட்டக்கோபுரம், 34 மீட்டர் உயரத்தில், அரை மீட்டருக்குமேல் சாய்ந்தபடி இன்றும் நிற்கிறது.

தட்டுகள் பறந்த பாதைக்குத் தட்டுச்சாலை என்றே பெயர். அந்த வழியிலுள்ள பாறைப்பலகைகளில் மழைநீர் தேங்கிக் கரைத்த வட்டக்குழிகள் நிறைய இருக்கின்றன. அவற்றைக் குதிரைக் குளம்படி என்கிறார்கள். ஸ்லீவ்நக்லாஷாவில் அதே மாதிரிக் குழிகள் பசுவின் குளம்படி. கதை கேட்டபின் அந்தக் குழிகளைப் பார்க்கிறவருக்குக் குளம்பைத் தவிர வேறொன்றும் தோன்றாது.

ஹர்லிங் போன்ற ஐரிஷ் மரபு விளையாட்டுகளுக்கான கேலிக் விளையாட்டுச் சங்கத்தை 1884 நவம்பரில் தர்லஸ் நகரில் தொடங்கிய மைக்கேல் கியூசாக் 1847இல் பிறந்தது இந்தக் கேரனில்தான். உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் உச்சத்திலிருந்த ஆண்டு அது. அவர் பிறந்த வீட்டைச் செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள். இன்று கிளேர் கவுண்டியில் எந்தத் தேவாலயப் பங்கை எடுத்தாலும் தேவாலயத்துக்கு அடுத்தபடியாக எல்லோரும் கூடும் இடம் கேலிக் விளையாட்டு மைதானமாகவே இருக்கிறது.

சனிக்கிழமை, போல்நப்ரோனிலிருந்து கில்ஃபெனோரா வரை

காலையில் போல்நப்ரோன். மெல்லிய கற்பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி, அவற்றின்மேல் சாய்வான பெரும்பலகை ஒன்றை ஏற்றி வைத்த புதைகூடம். படங்களில் இதைப் பார்த்தவர்கள் ஏராளமானோர் இருப்பார்கள். 1985இல் தாங்குகல் ஒன்றில் விரிசல் தெரிந்ததையடுத்துச் செப்பனிடும் வேலை தொடங்கியபோது, ஆன் லிஞ்ச் என்ற தொல்லியலாளர் 1986இலும் 1988இலும் இதை அகழ்ந்து பார்த்தார். 30 பேருக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. அவை கி.மு. 3800க்கும் கி.மு. 3200க்கும் இடைப்பட்டவை. மேலுடல் எலும்புகளில் பாரம் சுமந்தவர்களுக்கு வரும் மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஒருவருடைய இடுப்பெலும்பில் கல் அம்புமுனை தைத்திருந்தது. பெரும்பாலோர் முப்பது வயதைத் தாண்டவில்லை. அந்த எலும்புகளில் ஓர் ஆண்குழந்தையினுடையதை மரபணு ஆய்வு செய்து 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அக்குழந்தைக்கு டவுன் நோய்க்குறி இருந்திருக்கிறது. தாய்ப்பால் குடித்ததற்கான அடையாளமும் எலும்பில் இருந்தது. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய அந்தச் சமூகம் அவனைத் தள்ளி வைக்காமல் பெரியவர்களோடு சேர்த்து அடக்கம் செய்திருக்கிறது. இந்தப் பயணத்தில் நான் அறிந்துகொண்ட செய்திகளில் என் மனத்தை விட்டு அகலாதது இதுவே.

சாலை தெற்கே இறங்கி முட்டுமிடத்தில் லெமனே கோட்டை. பதினைந்தாம் நூற்றாண்டுக் கோபுரத்தோடு பதினேழாம் நூற்றாண்டு மாளிகையை ஒட்டிக் கட்டியிருக்கிறார்கள். இப்போது கூரையில்லாமல், கல்சட்டமிட்ட சன்னல்கள் வழியே வானம் தெரிய நிற்கிறது. இதன் தலைவி மாய்ரே ருவா, அதாவது செந்தலை மேரி. அவளுக்கு இருபத்தைந்து கணவன்மார் இருந்தார்கள், பணிப்பெண்களை முடியைக் கட்டிச் சன்னலில் தொங்கவிட்டாள், பெண் கேட்டு வந்தவர்களை முரட்டுக் குதிரையில் ஏற்றி அனுப்ப, அது அவர்களை மோஹர் செங்குத்துப் பாறைகள் வரை கொண்டுபோய்க் கடலில் எறிந்துவிட்டு வரும் என்றெல்லாம் சொல்கிறார்கள். வரலாறு சொல்வது வேறு. அவளுக்கு மூன்று கணவன்மார். இரண்டாமவரான கானர் ஓபிரையன் 1651இல் கிராம்வெல் படையோடு போரிட்டு மாண்டார். நிலம் பறிபோகும் நிலையில், அவள் எதிர்ப்படையைச் சேர்ந்த ஜான் கூப்பர் என்பவரை மணந்துகொண்டு, மகன் டோனாவுக்காகச் சொத்தைக் காப்பாற்றினாள். அவளைப் போல நிலத்தைக் காத்த ஆண்களைச் சூழ்ச்சித்திறன் மிக்கவர்கள் என்று சொல்லும் ஊர்ப்பேச்சு, அவளை மட்டும் அரக்கியாக்கி வைத்திருக்கிறது. கதைகளை நேசிக்கிற எனக்கும் இந்த ஒரு கதை நியாயமானதாகப் படவில்லை.

கில்ஃபெனோரா கிராமத்தின் சிறிய பேராலயத்தில், பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த செதுக்குச் சிலுவைகளை மழையிலிருந்து காப்பதற்காகக் கண்ணாடிக் கூரையின்கீழ் நிறுத்தியிருக்கிறார்கள். இந்தச் சிறிய மறைமாவட்டத்துக்குத் தனி ஆயர் இல்லை. கால்வே ஆயர் போப்பின் சார்பில் இதை நிர்வகித்து வந்ததால், எங்கள் ஆயர் போப்தான் என்று இவ்வூரார் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

இரவில் செட் நடனம், அதாவது இணைகள் குழுவாக ஆடும் ஐரிஷ் நாட்டார் நடனம். 1909இல் தொடங்கி இன்றும் இயங்கும் கில்ஃபெனோரா கேய்லி இசைக்குழு, 1954, 1955, 1956 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து அகில அயர்லாந்துப் போட்டியில் வென்றது. ஃபிடில், கான்செர்ட்டினா, புல்லாங்குழல் ஆகியவற்றை ஒரே சீராக, நடனமாடுகிறவரின் பாதத்துக்காகவே வாசிக்கும் முறை இவர்களுடையது. நான் பார்த்த நடனம் மதுக்கூடத்தின் பின்னறையில் நடந்தது. நாலு இணைகள் சதுரமாக நின்று கேலிடோனியன் செட் ஆடினார்கள். மேலுடல் அசையாமலிருக்க, செருப்பின் குதிகாலும் நுனியும் தரையில் தாளத்தைப் போட்டன. அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி, பள்ளிக்கூட வயதுப் பையனின் கையைப் பிடித்துச் சுற்றிக்கொண்டே அடுத்த அடியை அவன் காதில் சொல்லிக் கொடுத்தார். அங்கே பாடமும் கொண்டாட்டமும் ஒன்றாகவே நடந்தன.

ஞாயிற்றுக்கிழமை, மாடுகளின் பின்னால்

ஐரோப்பாவின் மற்ற மலைப்பகுதிகளில் கோடையில் மாடுகளை மேலே ஓட்டிச்சென்று, குளிர் தொடங்கும்போது கீழே இறக்குவார்கள். பர்ரனில் இது தலைகீழ். அக்டோபர் கடைசியில், பழைய ஐரிஷ் நாட்காட்டியில் குளிர்காலம் பிறக்கும் சவ்வின் (Samhain) என்ற திருநாளையொட்டி, மாடுகள் பாறைக்குன்றுகளின்மேல் ஏறுகின்றன; ஏப்ரல் கடைசி வரை திறந்த வெளியில்தான் இருக்கின்றன. அந்த மேய்ச்சல் நிலத்துக்கு விண்டரேஜ் என்று பெயர். வங்கி விடுமுறையை ஒட்டிய இந்த வார இறுதியில் அதற்கென்று விழா எடுத்து, ஒரு குடும்பத்தின் மந்தையோடு யார் வேண்டுமானாலும் சேர்ந்து நடக்கலாம் என்று அழைக்கிறார்கள்.

இந்த வழக்கத்துக்குக் காரணங்கள் தெளிவானவை. கோடை வெயிலில் சேர்த்துவைத்த சூட்டைச் சுண்ணாம்புப்பாறை மெல்ல மெல்ல வெளிவிடுகிறது. கடலும் அருகில் இருப்பதால் உறைபனி குறைவு, புல் குளிர்காலத்திலும் அடங்கிவிடாமல் வளர்கிறது. பெய்த மழை உடனே வடிந்துவிடுவதால் மாடு படுக்க உலர்ந்த தரை கிடைக்கிறது. கீழே சமநிலத்து வயல்களோ சேறாகக் கிடக்கும். பாறையிலிருந்து புல்லுக்கு ஏறும் சுண்ணச்சத்து சினைமாட்டுக்கு நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, குளிர்காலத்தில்தான் மேலே ஊற்றுகள் சுரக்கின்றன. கோடையில் அவை வற்றிவிடுவதால், அப்போது மாட்டை அங்கே நிறுத்த நினைத்தாலும் முடியாது. நீரைத் தங்கவைக்காத அதே பாறை, மாட்டுக்கு வீடாகவும் ஆகிவிடுகிறது.

பாறைகளுக்கு இடையேயுள்ள பசும்பாதையில் மந்தை நடந்தபோது எங்களில் யாரும் பேசவில்லை. முன்னால் ஓர் இளம்பெண், பின்னால் அவருடைய தந்தை. பக்கவாட்டில் கற்சுவர்களில் உடைப்பிருக்கும் இடங்களிலெல்லாம் கை விரித்தபடி ஆட்கள். வெண்பழுப்பு நிறச் சாரலே கலப்பினமும் கறுப்பு ஆங்கஸும் கலந்த சினைமாடுகள். மூத்த மாடு வழியை அறிந்திருந்தது. மேட்டுக் கதவு திறந்ததும், தடியால் தட்டவோ குரல் கொடுக்கவோ அவசியமில்லாமல் தானாகவே உள்ளே நுழைந்து, பலகைக் கற்களுக்கு நடுவேயுள்ள புல்லில் வாய் வைத்தது. மற்றவை அதைப் பின்தொடர்ந்தன.

ஆர்க்டிக் பகுதிக்குரிய மலைப்பூவும் மத்தியதரைக் கடலோரத்து ஆர்க்கிட்டும் அருகருகே பூக்கும் இடமென்று தாவரவியலாளர்கள் பர்ரனைக் கொண்டாடுகிறார்கள். அயர்லாந்தின் இயல் தாவர இனங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு இங்கே இருக்கிறது. மே மாதத்தில் பாறையெங்கும் மலரும் நீல ஜென்ஷியனைப் பார்க்கப் பல நாடுகளிலிருந்தும் வருகிறார்கள். இவை மாட்டுக்குத் தப்பிப் பிழைத்திருக்கின்றன என்று முதலில் நினைக்கத் தோன்றும். உண்மையில் இவை மாட்டினால் பிழைத்திருக்கின்றன. குளிர்காலம் முழுவதும் மாடுகள் முரட்டுப்புல்லைத் தின்று தீர்ப்பதால் சிறு செடிகளுக்கு வெளிச்சம் கிடைக்கிறது; கோடையில் மாடு கீழே போய்விடுவதால் அவை பூத்து விதை போட முடிகிறது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பண்ணையாளர்கள் வெளிவேலைக்குச் செல்லத் தொடங்கி, மாடுகளைக் கொட்டகையில் நிறுத்திச் சைலேஜ் என்ற புளிக்கவைத்த புல்தீவனத்தைப் போட ஆரம்பித்தபோது, மேய்ச்சல் குறைந்த குன்றுகளில் காய்ந்த புல் மண்டியது. அதன்மேல் ஹேசல் புதரும் கருமுள்ளும் ஏறிப் பூக்களை மூடின.

1990களில் இங்கே மேய்ச்சலையும் தாவரங்களையும் ஆராய வந்த பிரெண்டன் டன்ஃபர்ட், இதற்கு வழி தெரிந்தவர்கள் பண்ணையாளர்கள்தான் என்ற முடிவுக்கு வந்தார். அவர்களோடு சேர்ந்து 2005இல் தொடங்கிய பர்ரன்லைஃப் திட்டம் 20 பண்ணைகளில் சோதனை செய்தது. சைலேஜுக்குப் பதிலாகத் தீவனக்கட்டி, மேட்டில் தண்ணீர்த் தொட்டி, உடைந்த சுவர்களைக் கட்டுதல், புதர் வெட்டுதல் என்று எல்லாமே எளிய வேலைகள். 2010க்குப் பிறகு இது பெரிய அளவில் விரிந்தபோது, ஒவ்வொரு வயலுக்கும் கோடையில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, அதற்கேற்ப உதவித்தொகை கொடுக்கும் முறை வந்தது. எப்படி மேய்ப்பது என்பதைப் பண்ணையாளரே தீர்மானிக்கிறார். வயலின் நிலைமைக்குத்தான் பணம். உழவர்களைச் சந்தேகத்தோடு பார்க்கும் பல இயற்கைப் பாதுகாப்புத் திட்டங்களைப் படித்து மனம் சலித்திருந்த எனக்கு, இந்த ஏற்பாடு மிகுந்த நம்பிக்கையைக் கொடுத்தது.

மந்தை ஏறிய பிறகு சுவரோரத்தில் ஃப்ளாஸ்க் தேநீரும் பார்ம்பிராக் ரொட்டியும் கிடைத்தன. ஹாலோவீன் சமயத்தில் செய்யும் உலர்பழ ரொட்டி அது. உள்ளே ஒரு மோதிரத்தை வைத்துச் சுடுவார்கள், கிடைத்தவருக்கு அந்த ஆண்டு கல்யாணம். மோதிரம் எழுபது வயதுக்குமேல் தனியாக வாழும் ஒரு பண்ணையாளருக்குக் கிடைத்தது. எல்லோரும் கை தட்டினார்கள், அவரும் அதைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை, மீண்டும் கேரன்

மாட்டை மேலேற்றிவிட்டதோடு வேலை முடிவதில்லை. அன்றாடம் ஒருவர் ஏறிப்போய் எண்ணிப் பார்க்க வேண்டும். வெடிப்பில் கால் சிக்கியிருக்கலாம், சுவர் சரிந்திருக்கலாம், ஊற்று அடைத்திருக்கலாம். ஹெர்டிங் என்று இதைச் சொல்கிறார்கள். நேற்றைய மந்தைக்கு உரியவர் இன்று காலை என்னையும் அழைத்துப்போனார். மாடுகளை எண்ணி முடித்த பிறகு, வெட்டிச் சுத்தமாக்கிய ஒரு வயலைக் காட்டினார். அதன் நடுவே வட்டமான கல்மேடு ஒன்றும், உள்ளே வெண்முள் மரமும் புதரும் அப்படியே இருந்தன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய உழவர் குடும்பங்களின் வட்டக்குடியிருப்பு அது. மக்கள் அதைத் தேவதையர் கோட்டை என்கிறார்கள். "என் தந்தை அதைத் தொட்டதில்லை. அவருடைய தந்தையும் தொட்டதில்லை. நானும் நம்புகிறேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தொட மாட்டேன்" என்றார்.

கிளேர் கவுண்டியில் இந்த எண்ணத்துக்கு எவ்வளவு வலு உண்டு என்பதற்கு லட்டூன் என்ற இடத்திலுள்ள முள்மரம் சான்று. 1999இல் அவ்வழியே நெடுஞ்சாலை வரவிருந்தபோது, கதைசொல்லி எடி லெனிஹன் அது மன்ஸ்டர் மாகாணத்துத் தேவதையர் கோனாக்ட் தேவதையரோடு போருக்குச் செல்லும்போது கூடும் இடம் என்று பத்திரிகைகளுக்கு எழுதினார். சாலைப் பொறியாளர்கள் மரத்தை விட்டுவைத்துத் திட்டத்தை அமைத்தார்கள். 2002இல் யாரோ அதன் கிளைகளை வெட்டிப்போட்டும் அது மறுபடி தழைத்தது. வட்டக்கோட்டைகள் ஆயிரக்கணக்கில் இன்றுவரை உழப்படாமல் எஞ்சியிருப்பதற்குத் தொல்லியல் சட்டத்தைவிட இந்த அச்சத்துக்கே நாம் அதிகம் கடன்பட்டிருக்கிறோம் என்று உறுதியாக நம்புகிறேன்.

மாலையில் வீட்டு அம்மா தம் கைப்பேசியில் ஒரு பழைய நோட்டுப் பக்கத்தைக் காட்டினார். 1935இல் அமைந்த ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம், 1937 முதல் 1939 வரை ஏறத்தாழ 5,000 தொடக்கப்பள்ளிகளில் ஒரு பெரும்பணியை நடத்தியது. மேல்வகுப்புப் பிள்ளைகள் வாரந்தோறும் ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு, வீட்டுப் பெரியவர்களிடமும் பக்கத்து வீட்டாரிடமும் கேட்டு எழுதிவந்தார்கள். புனித ஊற்றுகள், பஞ்சகாலம், வெண்ணெய் கடைதல், கைமருத்துவம், மழைக்குறிகள், புதையல், பண்ணை விலங்குகளைப் பேணுதல் என்று தலைப்புகள் போயின. ஏறத்தாழ 50,000 பிள்ளைகள் எழுதிய அந்தப் பக்கங்கள் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருக்கின்றன. இப்போது இணையத்தில் பங்கு வாரியாக எவரும் படிக்கலாம். பேராசிரியர்கள் எட்ட முடியாத அடுப்படிகளுக்குள் பேரப்பிள்ளைகள் எளிதாக நுழைந்துவிட்டார்கள். ஒரு நாடு தன் பிள்ளைகளிடம் ஒப்படைத்த வேலைகளில் இதைவிட உயர்ந்த ஒன்று இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா காட்டிய பக்கம் அவருடைய தாயார் பள்ளிச் சிறுமியாக இருந்தபோது எழுதியது. பல்வலிக்கு நல்லதென்று பக்கத்துக் குன்றிலுள்ள ஓர் ஊற்றைப் பற்றி உருண்டைக் கையெழுத்தில் எழுதியிருக்கிறார்: வலிப்பவர் பேசாமல் போக வேண்டும், நீரை மூன்று முறை கொப்பளிக்க வேண்டும், ஏதாவது ஒரு சிறுபொருளை அங்கே விட்டு வர வேண்டும். நாளைக் காலைப் பேருந்துக்கு முன் அதைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றதும், அம்மா பக்கத்தில் இருந்த வழிக்குறிப்பைத் திருத்தினார். அவருடைய தாயார் சொன்ன வழியில் பிறகு சுவர் எழும்பிவிட்டதாம். சாலையோரக் கம்பிக் கதவைத் திறந்து, இடக்கைச் சுவரை ஒட்டியே ஏற வேண்டும். ஹேசல் புதர் தொடங்குமிடத்தில் ஊற்று இருக்கிறது. கதவைத் திரும்பச் சாத்தித் தாழிட வேண்டும், பக்கத்து வீட்டார் சினைமாடுகளை அங்கே விட்டிருக்கிறார்கள்.